இருபத்து மூன்றாம் இடம்

பல்கலைக்கழகத் தொழில்நுட்ப மன்றத்தின் செயலாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவள். சாலிடரிங் வகுப்பு நடத்தினால் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் விரலைச் சுட்டுக்கொள்வார்கள், அதற்கு எத்தனை பிளாஸ்திரி வாங்க வேண்டும் என்பது வரைக்கும் அவளிடம் பட்டியல் இருக்கும். பட்டப்பெயரைக் கேட்டால் முறைப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை மணி. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மன்றத்தின் அறையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கப் புகை. லிஸ்ட் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மன்றத்துக்கு வந்த மின்னஞ்சல்களைப் பார்க்க உட்கார்ந்தாள்.

மூன்றாவது அஞ்சல், மூன்று வாரத்துக்கு முன் நடந்த கண்டுபிடிப்புப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த ஒருவருடையது. பெரிய மருத்துவமனை ஒன்றில் பராமரிப்பு இன்ஜினியர். "சலவை இயந்திரத்துக்குப் பெட்டி செய்திருந்த அந்தப் பெண்ணின் தொடர்பு எண் வேண்டும். எங்கள் சலவைக்கூடத்தில் அதை வைத்துப் பார்க்க ஆசை. பரிசளிப்பு வரை என்னால் இருக்க முடியவில்லை. முதல் பரிசு அவருக்குத்தான் போயிருக்கும். என் பங்குக்கு நான் முழு மதிப்பெண்ணும் கொடுத்தேன். வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

லிஸ்ட் அதை இரண்டு தடவை படித்தாள். சலவை இயந்திரத்துக்குப் பெட்டி செய்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. விடுதிச் சலவை அறையில் எந்த இயந்திரம் காலி, எது ஓடுகிறது என்பதை, இயந்திரத்தின் அதிர்வை வைத்தே கண்டுபிடித்து ஃபோனுக்குச் சொல்லும் பெட்டி. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏமாந்து திரும்புகிறவர்களுக்காகச் செய்தாள். அந்தத் தங்கைக்குப் போட்டியில் கிடைத்தது இருபத்து மூன்றாம் இடம். கலந்துகொண்டவர்கள் மொத்தமே இருபத்து மூன்று பேர்.

இங்கே மன்றத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் மதிப்பெண்ணை வெளியே சொல்லவே மாட்டார்கள். குறைவாக வாங்கியவர்கள் மனம் நோகக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனது போட்ட விதி. மூன்று நடுவர்கள். ஒருவர் யோசனைக்கு நாற்பது, ஒருவர் வேலைத்திறனுக்கு முப்பது, ஒருவர் விளக்கிச் சொல்வதற்கு முப்பது என்று தனித்தனியே தாளில் எழுதி, கம்ப்யூட்டரிலும் தாங்களே தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்தவர் எவ்வளவு போட்டார் என்பது அவர்களுக்கே தெரியாது. கூட்டுவதும் வரிசைப்படுத்துவதும் லிஸ்ட் எழுதிய புரோகிராமின் வேலை. அது எத்தனையாவது இடம் என்பதை மட்டும் சீட்டில் அச்சடித்து, மடித்துக் கொடுத்துவிடும்.

தங்கை பெயர் கொடுத்ததுமே லிஸ்ட் மன்றத் தலைவனிடம் போய், "என் தங்கச்சி கலந்துக்கறா. இனிமே மார்க் ஷீட்ட நான் கண்ணாலயும் பாக்க மாட்டேன். உறைய நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே செய்தாள். முடிவுகள் கம்ப்யூட்டர் திரையில் ஓடியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நியாயத்துக்கு மறுபெயர் தான்தான் என்று அன்றைக்கு அவளுக்கு நினைப்பு.

இப்போது அவள் கை தானாகப் புரோகிராமைத் திறந்தது. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தோராவது வரியில் நின்றாள்.

சீட்டில் அச்சடிக்க வசதியாக இருக்கட்டும் என்று மொத்த மதிப்பெண்ணை எண்ணிலிருந்து எழுத்தாக மாற்றி வைத்திருந்தாள். வரிசைப்படுத்தும் வரி அதற்கு மேலே இருந்திருக்க வேண்டும். கீழே இருந்தது. எழுத்தாக மாறிய எண்ணைக் கம்ப்யூட்டர் எண்ணாக மதிக்காது. முதலில் எந்த எழுத்து நிற்கிறது என்றுதான் பார்க்கும். தொண்ணூற்று நான்கில் ஒன்பது. எண்பத்தேழில் எட்டு. நாற்பத்தொன்றில் நான்கு. நூறில் ஒன்று. ஒன்று எல்லாவற்றுக்கும் கீழே போய்விடும். லிஸ்ட் அந்தப் புரோகிராமைப் பத்துத் தடவை சோதித்திருந்தாள். பத்துத் தடவையும் இரண்டு இலக்க எண்களையே போட்டிருந்தாள். யாராவது நூற்றுக்கு நூறு வாங்குவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஏனென்றால் தங்கை அன்றைக்குத்தான் துறை மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறாள். சீட்டைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து அவள் பழைய ஆளாக இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே வாடகை அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து படிக்கிறவர்கள். அந்த மேசையில் தங்கை பக்கம் இருந்த கம்பியும் சர்க்யூட்டும் ஒவ்வொன்றாக மறைந்து, கணக்கியல் புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன. முதல் நாள் அவள் அழுதபோது லிஸ்ட் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "ரூல்னா ரூல்தான்டி. நடுவருங்க சும்மாவா போடுவாங்க? எங்க சறுக்கினோம்னு யோசி" என்று உபதேசம் செய்தாள். அதற்கப்புறம் தங்கை அவளிடம் பேசுவது, "கேஸ் தீந்துபோச்சு" என்கிற அளவோடு நின்றுபோனது. ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்து, "அவளுக்குப் பிடிச்சதப் படிக்கட்டும் விடு" என்று சொன்னபோது அந்தக் குரலும் தொய்ந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் தங்கையின் இடம் காத்திருப்பில் இருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் யார் அழுதாலும் திரும்பாது.

லிஸ்ட் ஃபோனை எடுத்தாள். தங்கையின் ஃபோன் அணைந்திருந்தது. அடுத்து மன்றத் தலைவனைக் கூப்பிட்டாள். அவனுக்கு ஜெனரேட்டர் என்று பெயர். ஒரு தடவை பேச ஆரம்பித்தால் யாராவது போய் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருப்பான். எதிர் வகுப்பறையிலிருந்து ஓடி வந்தான்.

"உறையப் பிரி," என்றாள் லிஸ்ட்.

"எந்த உறை? என்ன ஆச்சு? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? யாராச்சும் கைய சுட்டுக்கிட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன், எட்டுப் பேருக்கு ரெண்டு ஸ்டாண்டு பத்தாதுன்னு..."

"மார்க் ஷீட் உறை. என் தங்கச்சியோட தாள மட்டும் எடு. மூணையும் கூட்டு."

அவன் அலமாரியைத் திறந்து உறையை எடுத்தான். நடுவர்கள் கையெழுத்துப் போட்ட மூன்று தாள்கள். நாற்பதுக்கு நாற்பது. முப்பதுக்கு முப்பது. மறுபடி முப்பதுக்கு முப்பது. ஜெனரேட்டர் வாயைத் திறந்து மூடினான். இரண்டு வருஷப் பழக்கத்தில் அவன் பேச்சில்லாமல் நின்றதை லிஸ்ட் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"நூறா?" என்றான் கடைசியில். "அப்போ கப்பு வாங்கின அந்த டை கட்டின பையன்?"

லிஸ்ட் அவன் தாள்களையும் எடுத்துக் கூட்டினாள். "அவன் தொண்ணூத்தி நாலு. ரெண்டாவது."

அவன் பிள்ளைகள் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "லிஸ்ட்டு, இத அவசரப்பட்டு வெளிய சொல்லாத. நல்லா யோசி. செயலாளர் எழுதின புரோகிராம், மூணு வாரம் கழிச்சு செயலாளரே தப்பு கண்டுபிடிக்கறா, பாத்தா முதல் பரிசு செயலாளரோட தங்கச்சிக்கு. யாரு நம்புவா? கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. திங்கக்கிழமை கமிட்டியக் கூட்டுவோம். முறைப்படி போவோம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டமே. லிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒரே நாளில் காற்றில் போகும். வராந்தாவில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். திங்கட்கிழமை வரை பொறுத்தால் கமிட்டியே கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும், அவள் தலை தப்பும். ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

"திங்கக்கிழமை அவ இந்தத் துறையிலயே இருக்க மாட்டா," என்று எழுந்தாள். தங்கையின் மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

துறை அலுவலகம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடந்தால் பதினைந்து நிமிஷம். ஓடினால் எவ்வளவு என்று லிஸ்ட் எந்தப் பட்டியலிலும் எழுதி வைத்ததில்லை. மூச்சிரைக்கப் போய் நின்றபோது சுவர்க்கடிகாரத்தில் மூன்று ஐந்து. ஜன்னலுக்குப் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த எழுத்தர் அம்மா விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ரெண்டாம் வருஷப் பொண்ணு ஒருத்தி, துறை மாத்தற ஃபார்ம் குடுக்க வந்தாளா? என்ன மாதிரியே இருப்பா, கொஞ்சம் குள்ளம்."

"வந்துட்டுப் போய் அரை மணி நேரம் ஆச்சேம்மா."

"அத எங்கிட்ட திருப்பித் தர முடியுமா? நான் அவளோட அக்கா."

எழுத்தர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அக்கா, அண்ணன், பெரியப்பான்னு வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குடுத்தவங்களே வந்து, வாபஸ் வாங்கறேன்னு கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு இந்த அடுக்கு உள்ள போயிடும். அதுக்குள்ள கூட்டிட்டு வா."

அடுக்கின் மேலேயே தங்கையின் விண்ணப்பம் இருந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் அந்தக் குண்டுக் கையெழுத்தை லிஸ்ட் எங்கே பார்த்தாலும் படித்துவிடுவாள். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'இந்தப் படிப்பில் நான்தான் கடைசி என்று தெரிந்துகொண்டேன்' என்று எழுதியிருந்தது. இந்த வரியை எழுதியது தங்கையின் கை. எழுத வைத்தது தான் போட்ட ஐம்பத்தோராவது வரி.

நூலகத்துக்கு ஓடினாள். இல்லை. உணவகத்தில் இல்லை. அறைக்குப் போய் வரலாம் என்றால் நேரம் போதாது. பஸ் நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அறையில் இருந்த நேரமெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளோடு பேசவில்லை. இப்போது ஊர் முழுக்கத் தேடுகிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மூன்று இருபத்தெட்டுக்கு ஃபோன் அடித்தது. ஜெனரேட்டர்.

"லிஸ்ட்டு, உன் தங்கச்சி இங்க கிளப் ரூம்லதான் இருக்கா."

"அங்கயா?"

"கிளப்லேந்து வாங்கின சென்சாரெல்லாம் பெட்டியில போட்டுத் திருப்பிக் குடுக்க வந்தா. நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்திருக்கா. ஒரு பொண்ணு கம்பிய தப்பா ஒட்டிட்டு முழிச்சுக்கிட்டிருந்துச்சு, அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு உக்காந்திருக்கா."

"விஷயத்தச் சொல்லிட்டியா?"

"நானா? எனக்குப் பயமா இருக்கு. சும்மா கிளைமேட் பத்திப் பேசிட்டு இருக்கேன். சீக்கிரம் வா, பேச்சு தீந்துபோச்சு."

லிஸ்ட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது தங்கை எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கோலத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மாவுக்கு ஒன்னும் இல்ல. நீ கடைசி இல்லடி. நீதான் முதல்."

தங்கையின் கண்கள் சிவந்தன. "அம்மா சொல்லி அனுப்பிச்சாளா? நான் போகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பிளான் பண்ணிங்களா? பாவம்னு பாத்து எனக்குக் கப்பு குடுக்க வேண்டாம்க்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

லிஸ்ட் தாள்களை நீட்டினாள். தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தாள்ல யாரு வேணா எழுதலாம்."

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் சாலிடர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முப்பத்தேழு. லிஸ்டுக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். "நான் சொல்றத நம்ப வேண்டாம். நான் எழுதினதப் படி. எங்க தப்புன்னு நீயே சொல்லு."

தங்கை வேண்டாவெறுப்பாகப் படிக்க ஆரம்பித்தாள். பத்தாவது வரியில் முதுகு நிமிர்ந்தது. முப்பதாவது வரியில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஐம்பத்தோராவது வரிக்கு வந்ததும் அவள் விரல் திரையைத் தொட்டு அங்கேயே நின்றது. மெல்லத் திரும்பினாள்.

"அக்கா. எண்ண எழுத்தா மாத்திட்டு அப்புறமா வரிசைப்படுத்தியிருக்கியே!"

"ஆமா."

"நூறு கீழ போயிடுமே!"

"ஆமாடி."

"முதல் செமஸ்டர்லயே இத சொல்லிக் குடுப்பாங்களே! நீ கிளப்புக்கு செயலாளர் வேற!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறி மறுபடி சிரிப்பானது. "அப்போ நான் நூறா? நிஜமாவே நூறா?"

"நூத்துக்கு நூறு. அந்த ஆஸ்பத்திரிக்காரர் உன் பெட்டிய அவங்க சலவைக்கூடத்துல வைக்கணும்னு நம்பர் கேட்டிருக்காரு. மீதிய அப்புறம் பேசிக்கலாம், இப்ப ஓடு!"

மைதானத்தின் குறுக்கே இருவரும் ஓடினார்கள். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் திட்டினார்கள். பாதி வழியில் தங்கை மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "என் மார்க்க நீ ஒரு தடவகூடப் பாக்கலயா?"

"பாக்கல. பாத்தா யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு."

"மூணு வாரம் நான் அழுதேன். அப்பகூட எடுத்துப் பாக்கணும்னு தோணலயா?"

"தோணல. தப்புதான்டி," என்றாள் லிஸ்ட். தங்கை ஓட்டத்தை நிறுத்தவில்லை.

மூன்று ஐம்பத்து நான்கு. எழுத்தர் அம்மா விண்ணப்ப அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "வந்துட்டீங்களா? கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு." வாபஸ் படிவத்தை நீட்டினார். அதிலும் காரணம் என்று ஒரு கட்டம். தங்கை பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, 'முன்பு எழுதிய காரணம் உண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் அம்மா முத்திரையை டொக்கென்று குத்தினார்.

லிஸ்ட் வெளியே வந்து படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். ஃபோனை எடுத்து இருபத்து மூன்று பேருக்கும் எழுத ஆரம்பித்தாள். புரோகிராமில் தப்பு செய்தது தான்தான் என்றும், முதல் பரிசு தன் தங்கைக்கு உரியது என்றும், நடுவர்களின் தாள்களை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் எழுதினாள். தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"பயமா இல்லையாக்கா? உன்னத்தான் திட்டுவாங்க."

"இருக்கு. ஆனா ஒரு மணி நேரமா நான் பட்ட பயத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒன்னுமே இல்ல," என்று சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

திட்டினார்கள்தான். 'குடும்ப மன்றம் வாழ்க' என்று ஒருவன் உடனே எழுதினான். ஜெனரேட்டர் அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்து, ஏழு பகுதியாக அனுப்பிக்கொண்டிருந்தான். கோப்பை வாங்கிய டை கட்டிய பையனின் பதில் ஒரே வரிதான். 'எங்க ஆப் மேடையிலயே ரெண்டு தடவ நின்னுபோச்சு, எப்படி முதல் பரிசுன்னு எங்களுக்கே புரியல, திங்கக்கிழமை கப்ப கொண்டாந்து தர்றேன்.' அதைப் படித்ததும் லிஸ்டுக்கு அந்தப் பையன் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது.

தங்கை தன் ஃபோனுக்கு உயிர் கொடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. கடைக்கு வந்தவர்களின் பேச்சுச் சத்தம் பின்னால் கேட்டது.

"ஃபார்ம் குடுத்துட்டியாடி?"

"குடுத்தேன். திருப்பி வாங்கிட்டேன். அம்மா, நான் கடைசி இல்லயாம்மா. நான்தான் ஃபர்ஸ்ட்டு. நூத்துக்கு நூறு."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அம்மா அவர்களை இருக்கச் சொன்னாள். "யாரு சொன்னா?"

"அக்காதான்."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்ற அம்மாவின் குரல் உடைந்தது. "அவ பட்டியல் போட்டா அதுல தப்பே வராதுடி. சின்ன வயசுலேந்தே அப்படித்தான்."

லிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை அவளைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் நேருக்கு நேராகப் பார்த்த பார்வை அது.

"இந்தத் தடவ வந்துச்சும்மா, பெரிய தப்பா," என்றாள் தங்கை. "ஆனா அவளே ஓடி வந்து சொல்லிட்டா."

சொல்லிவிட்டு, படிக்கட்டில் அக்காவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.